நாலு வயலை அறுத்து ஊர் மகசூலைச் சொல்லலாமா?

கேள்வி: பயிர்க் காப்பீட்டுக்காக எங்கள் வருவாய் கிராமத்தில் நாலே நாலு வயலில் அறுத்து எடை போட்டார்கள். நாலும் தலைமடை. கடைமடையில் என் சம்பா முழுக்கப் பதர். மோசடிதானே இது?
– நெல் விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நாலும் தலைமடையில் விழுந்ததை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது, அதனால் அது சரி. ஊர் அப்படி இல்லை. தலைமடை ஒரு மாதிரி, கடைமடை ஒரு மாதிரி. ஆகவேதான் ஆள் பார்த்து வயலைத் தேர்ந்தெடுக்காமல், சர்வே எண்களிலிருந்து குலுக்கல் போல எடுக்கிறார்கள். எல்லா வயலுக்கும் சம வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

உங்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கடைமடை என்று வைத்துக்கொள்வோம். நேர்மையாகக் குலுக்கினாலும், நாலில் ஒன்றுகூடக் கடைமடையில் விழாமல் போக ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நாலு என்பது சின்ன எண்ணிக்கை. ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். அது அதிர்ஷ்டப் பிழை. பல ஊர், பல வருடம் சேரும்போது பெரும்பாலும் சமனாகிவிடும்.

"அப்படியானால் பாதித்த வயலையே அறுக்கட்டும்" என்று சிலர் கேட்கிறார்கள். உத்தரவாத மகசூல் கடந்த 7 ஆண்டுப் பரிசோதனை மகசூலை வைத்தே கணக்கிடப்படுகிறது. மகசூலை வேண்டுமென்றே குறைத்துக் காட்டிக்கொண்டே போனால், பின்னால் உத்தரவாத மகசூலே குறைந்துவிடும். அடுத்த வெள்ளத்தில் நஷ்டம் நமக்குத்தான்.

இதைவிட ஆபத்தானது ஒருபக்கமாகவே சாயும் பிழை. எத்தனை முறை அறுத்தாலும் அது சமனாகாது. நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் அறுக்கிறோம். ஹெக்டேருக்கு இப்படி 400 துண்டு. தராசில் 1 கிலோ தவறினால் ஹெக்டேருக்கு 400 கிலோ தவறுகிறது! கயிறு பக்கத்துக்கு 10 செ.மீ. வெளியே போனால் போதும், பரப்பு 27 சதுர மீட்டர் ஆகிவிடும். மகசூல் 8 சதவீதம் கூடிக் காட்டும். துண்டு மிகச் சின்னதாக இருந்தால் ஓரத்துக் குத்துகள் உள்ளே சேர்ந்து மகசூலைக் கூட்டிக் காட்டும் என்று புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே 1940களிலேயே எடுத்துக்காட்டினார்.

பணத்தில் பாருங்கள். உத்தரவாத மகசூல் 4,000 கிலோ, உண்மை மகசூல் 3,000 கிலோ என்றால் இழப்பு 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீடு ரூ.30,000 என்றால் கிடைப்பது ரூ.7,500. அதே மகசூல் 8 சதவீதம் கூடி 3,240 ஆகப் பதிவானால் இழப்பு 19 சதவீதம், கிடைப்பது ரூ.5,700. ஒரு சாண்கூட இல்லாத கயிற்றுத் தவறு, ஊரில் ஒவ்வொருவருக்கும் ஏக்கருக்கு ரூ.1,800 நஷ்டம்.

ஆகவே எந்த வயல் விழுந்தது என்று சண்டை போடுவதைவிட, எப்படி எடுத்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள்:

1. வயலின் சர்வே எண் முன்கூட்டியே குறிக்கப்பட்டதா, வந்த இடத்தில் முடிவு செய்தார்களா?
2. வயலுக்குள் துண்டு எங்கே என்பதும் குலுக்கல் எண்படிதான் அமைய வேண்டும். செழிப்பான இடத்தை யாரும் கைகாட்டக் கூடாது. சொட்டையான இடத்தையும் கூடாது.
3. கயிறு இறுக்கமாக, நான்கு பக்கமும் 5 மீட்டர் இருக்கிறதா? வேர் உள்ளே இருக்கும் குத்து மட்டுமே கணக்கில் சேர வேண்டும்.
4. தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா? பதர் தூற்றி, ஈரப்பதம் பார்த்தார்களா?
5. தேர்வான வயலை, பரிசோதனைக்கு முன் அறுத்துவிடாதீர்கள்.

பரிசோதனை நாளில் ஊரிலிருந்து இரண்டு மூன்று பேர் கூடவே நில்லுங்கள். எடையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தவறு கண்டால் அன்றே வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுங்கள். "எனக்கு நஷ்டம், ஆகவே கணக்கு தப்பு" என்ற மனு நிற்காது. "கயிறு 5.2 மீட்டர் இருந்தது" என்ற மனு நிற்கும்.