‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்துக்காக ஒரு வழக்கு

பிங்க் ஃப்ளாய்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் ஒரே வரிசையைத்தான் ஒப்பிப்பார்கள். ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’, ‘விஷ் யூ வேர் ஹியர்’, ‘அனிமல்ஸ்’, ‘தி வால்’. அதோடு நிறுத்திக்கொள்வார்கள். 1983 மார்ச்சில் வந்த ‘தி ஃபைனல் கட்’ பேரைச் சொன்னால் முகம் மாறும். “அது ரோஜர் வாட்டர்ஸோட தனி ஆல்பம்ங்க, ஃப்ளாய்ட் கணக்குல சேராது” என்பார் ஒருவர். “‘தி வால்’ல தேறாத பாட்டையெல்லாம் அள்ளிப் போட்டதுதானே” என்பார் இன்னொருவர். “பாட்டா அது? மேடைப் பேச்சு” என்பார் மூன்றாமவர். நாற்பது வருஷமாக இந்த மூன்று தீர்ப்புகளும் கைமாறி வந்துகொண்டிருக்கின்றன. இவர்களில் எத்தனை பேர் அந்த 43 நிமிடங்களையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரைப் பார்த்து, எதற்காகப் பேசுகிறோம் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு பிங்க் ஃப்ளாய்ட் செய்த ஆல்பம் இது ஒன்றுதான். அதனாலேயே அது ரசிகர்களுக்கு ஆகாமல் போனது.

காலத்தை ஞாபகப்படுத்திக்கொள்வோம். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளில் படையை இறக்கியது. அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 1,800 பேர். பிரிட்டனில் அப்போது வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சரின் செல்வாக்கு சரிந்து கிடந்தது. கப்பல்கள் கிளம்பின. மே 2 அன்று ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பிரிட்டன் அறிவித்திருந்த தடை எல்லைக்கு வெளியே அது இருந்தது. 323 பேர் செத்தார்கள். லண்டனின் பெரிய பத்திரிகை ஒன்று அதை மீன் பிடித்த பையனின் குதூகலத்தோடு தலைப்பாகப் போட்டது. ஜூன் 14 அன்று சண்டை முடிந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் 255 பேரும் அர்ஜென்டினத் தரப்பில் 649 பேரும் இல்லை. ஊரெல்லாம் கொடி. மறுவருஷம் ஜூனில் நடந்த தேர்தலில் தாட்சர் 144 இடப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார்.

அந்த வெற்றிக்கும் அந்தத் தேர்தலுக்கும் நடுவில், கொடி இன்னும் இறங்காத நேரத்தில் வந்த ஆல்பம் இது. இதை மறந்துவிட்டுக் கேட்டால், “எதுக்குய்யா இந்த ஆள் இப்படிக் கத்துறான்?” என்றுதான் தோன்றும்.

இப்போது குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

முதலாவது, இது ஒரு குழுவின் ஆல்பமே கிடையாது என்பது. இதில் பாதி உண்மை. கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டை வாட்டர்ஸ் ஏற்கனவே வெளியேற்றியிருந்தார். டேவிட் கில்மர் முன்னணிக் குரலாகப் பாடியது ஒரே ஒரு பாட்டு. தயாரிப்பாளர் பட்டியலிலிருந்தும் அவர் பேர் எடுக்கப்பட்டது. கடைசிப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர்கூட நிக் மேசன் இல்லை, ஆண்டி நியூமார்க். பின்னட்டையிலேயே ‘ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது, பிங்க் ஃப்ளாய்ட் நிகழ்த்துவது’ என்ற அர்த்தத்தில் அச்சாகியிருந்தது. நண்பர்களை அவர் நடத்திய விதம் அழகானதில்லை. அதற்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

ஆனால் குடும்பத்தில் நடந்த சண்டையை வைத்துச் சமையலுக்கு மார்க் போட முடியுமா? ‘தி வால்’ மட்டும் என்ன, நாலு பேரும் கைகோத்து எழுதியதா? அதில் வாட்டர்ஸ் பேர் இல்லாத பாட்டைத் தேடிப் பாருங்கள். அதைக் கொண்டாடும் அதே வாய் இதை விலக்குகிறது என்றால், ‘தனி ஆல்பம்’ என்பது நிஜக் காரணம் இல்லை. கில்மர் வாசித்திருக்கும் இடங்களையும் கேளுங்கள். தலைப்புப் பாட்டிலும் ‘தி ஃப்ளெட்சர் மெமோரியல் ஹோம்’ பாட்டிலும் வரும் கிதார் சோலோக்கள் அவருடைய மிகச் சிறந்தவற்றோடு வைக்கத்தக்கவை. தனக்குப் பிடிக்காத ஆல்பத்தில் ஒரு கலைஞன் இப்படி வாசிக்கிறான். அதைத் ‘தேறாதது’ என்று அவனுடைய ரசிகர்களே தள்ளுகிறார்கள்.

இரண்டாவது, மிச்சம் மீதி என்பது. இது கில்மரே எழுப்பிய கேள்வி. ‘தி வால்’ செய்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு இப்போது மட்டும் எப்படி நன்றாகிவிடும்? நியாயமான கேள்விதான். முதலில் இந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரே ‘மிச்சச் செங்கற்கள்’ என்ற அர்த்தம் வரும் பெயர். ‘தி வால்’ படத்துக்கான இசையாக ஆரம்பித்தது, நடுவில் போர் வந்ததும் திசை மாறியது.

பதில் பாட்டுகளிலேயே இருக்கிறது. ‘தி வால்’ ஆல்பத்தில் ஒரு வாத்தியார் வருவார், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளைக் கசக்கிப் பிழியும் கேலிச்சித்திரம். உலகமே அவரைப் பார்த்துக் கத்தியது. அதே வாத்தியார்தான் ‘தி ஹீரோஸ் ரிட்டர்ன்’ பாட்டில் திரும்பி வருகிறார். இப்போது அவர் டிரெஸ்டன் மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானி. கூட வந்த துப்பாக்கி வீரன் சாகும்போது பேசியது இன்னும் அவர் காதில் கேட்கிறது. பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்ல முடியவில்லை. அவள் தூங்கிய பிறகு மனசுக்குள் பேசிக்கொள்கிறார். அடுத்து வரும் ‘தி கன்னர்ஸ் ட்ரீம்’ அந்தச் செத்த பையனின் கனவு. பயமில்லாமல் தெருவில் நிற்கலாம், யாரும் கதவை உடைத்துக்கொண்டு வர மாட்டார்கள் என்று சாதாரணக் கனவு. அந்தப் பாட்டிலேயே 1982 ஜூலையில் லண்டன் பூங்காவில் ஐஆர்ஏ குண்டுக்குப் பலியான ராணுவ வாத்தியக்காரர்கள் வருகிறார்கள். கனவு பலிக்கவில்லை.

1979-ல் ஒதுக்கப்பட்டபோது அது ஒரு வாத்தியாரைப் பற்றிய பாட்டு. 1982-க்குப் பிறகு, போருக்கு அனுப்பி உடைத்தவர்களை வைத்தே பிள்ளைகளை வளர்த்த ஒரு தேசத்தைப் பற்றிய பாட்டு. பழைய துணியைத்தான் எடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை விரித்தது வேறு ஒரு பிணத்தின் மேல்.

மூன்றாவது குற்றச்சாட்டு அரசியல். “எல்லாம் செய்தித்தாள் சமாச்சாரம், பத்து வருஷத்தில் பழசாகிவிட்டது” என்கிறார்கள். ஆல்பத்தின் முதல் சில விநாடிகளைக் கேளுங்கள். யாரோ ரேடியோவைத் திருப்புகிறார்கள். செய்தித் துணுக்குகள் வந்து போகின்றன. ‘அட்லாண்டிக் கன்வேயர்’ கப்பலுக்கு மாற்றுக் கப்பல் ஜப்பானில் கட்டப்படும் என்கிறது ஒன்று. 1982 மே 25 அன்று ஏவுகணை தாக்கி 12 பேரோடு அழிந்த கப்பல் அது. போரில் செத்தவன் இவன் ஊர்க்காரன். அந்தக் கப்பலுக்குப் பதில் கப்பல் கட்டும் வேலைகூட இவன் ஊருக்குக் கிடையாது என்கிறது அந்தத் துணுக்கு. பாட்டு தொடங்கும் முன்பே ஆல்பத்தின் வாதம் முடிந்துவிடுகிறது. இதை மேடைப் பேச்சு என்பவர் மேடைப் பேச்சே கேட்டதில்லை.

குறைகள் உண்டு. ‘நாட் நௌ ஜான்’ வெறும் இரைச்சல். ‘ஃப்ளெட்சர்’ பாட்டில் ரீகன், தாட்சர், பிரெஷ்னேவ், பெகின் என்று எல்லாரையும் ஒரே விடுதியில் அடைத்துவிட்டு, முடிவில் நாஜிகளின் சொல்லையே அவர்களுக்குத் தீர்ப்பாகத் தருகிறார். பெகினின் தாய் தந்தையரைக் கொன்றவர்களே நாஜிகள்தான். கோபம் கண்ணை மறைத்த இடம் அது. அந்த வரியை நான் காப்பாற்றப் போவதில்லை.

ஆனால் அந்த விடுதிக்கு வைத்த பேரைப் பாருங்கள். ஃப்ளெட்சர் என்பது வாட்டர்ஸின் அப்பாவின் நடுப்பெயர். எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் முதலில் ஆயுதம் தொட மாட்டேன் என்று சொல்லி, லண்டன் மேல் குண்டு விழுந்த நாட்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பிறகு ஃபாசிசத்தை நின்று எதிர்க்கத்தான் வேண்டும் என்று மனம் மாறிப் படையில் சேர்ந்தார். 1944 பிப்ரவரி 18 அன்று இத்தாலியின் அன்ஸியோவில் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. மகனுக்கு அப்போது ஐந்து மாதம். இந்த ஆல்பம் அவருக்குத்தான் காணிக்கை. ஆகவே இது போரே கூடாது என்கிற சுலபமான அகிம்சைப் பாட்டு இல்லை. “எதற்காகச் செத்தார்களோ அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று?” என்று கணக்குக் கேட்கிற பாட்டு. எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் வைத்தியம், இனிமேல் எவனும் மிரட்ட மாட்டான் என்று 1945-ல் சொன்னார்களே, அது எங்கே? அட்டையில் அச்சாகியிருக்கும் சிவப்புப் பாப்பிப் பூவும் பதக்கப் பட்டைகளும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஒண்ணு முணுமுணுக்கிறார், இல்லாட்டி அலறுகிறார்” என்பது பெரிய புகார். ஆமாம், அப்படித்தான். முணுமுணுப்பு கேட்கவில்லையே என்று நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், அலறல் வந்து அறையும். துக்கம் உள்ள வீட்டில் குரல் இப்படித்தான் ஏறி இறங்கும். ‘கன்னர்ஸ் ட்ரீம்’ பாட்டில் அவர் அலறல் நீண்டு, எந்த இடத்தில் ராஃபேல் ரேவன்ஸ்கிராஃப்டின் சாக்ஸபோன் ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகிவிடும். வார்த்தை தீர்ந்துபோன இடத்தை ராக் இசை இதைவிடச் சரியாகக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டால் ஓர் ஏவுகணை தலைக்குமேல் போய் வெடிக்கும். அந்த ஒலிப்பதிவு முறையைக் கண்டுபிடித்த ஹியூகோ சுக்கரெல்லி ஓர் அர்ஜென்டினர்.

நிஜக் காரணம் எனக்கு இப்படித்தான் தெரிகிறது. பெரும்பாலான ரசிகர்களுக்கு ஃப்ளாய்ட் ஒரு தூக்க மாத்திரை. விளக்கை அணைத்து, கண்ணை மூடி, மிதக்க வேண்டும். இந்த ஆல்பம் மிதக்க விடாது. வாட்டர்ஸ் 1985-ல் விலகிய பிறகு மற்றவர்கள் 1987-ல் ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ வெளியிட்டு, உலகம் சுற்றி மைதானங்களை நிரப்பினார்கள். அழகான ஒலி. அது எதைப் பற்றிய ஆல்பம் என்று ஒரு ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள், யோசிப்பார். இன்றைய வாட்டர்ஸின் அரசியல் பேச்சுகளைக் காட்டி 1983-ன் பாட்டைத் தள்ளுபவர்களும் அதே சௌகரியத்தைத்தான் தேடுகிறார்கள்.

நாடே ஜெயித்துவிட்டோம் என்று ஆடும்போது, ‘என் வீட்டில் ஒருத்தர் குறைகிறார்’ என்று சொல்பவரைத் துரோகி என்பது எல்லா ஊரிலும் வழக்கம். ‘சவுத்தாம்ப்டன் டாக்’ பாட்டில் ஒரு பெண் துறைமுகத்தில் நிற்கிறாள். 1945-ல் மிச்சம் மீதியாகத் திரும்பி வந்தவர்களைப் பார்த்தவள், 1982-ல் புதுப் பையன்களைக் கைக்குட்டையோடு வழியனுப்புகிறாள். இரண்டு நிமிடப் பாட்டு. ஆல்பத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அதை மட்டுமாவது, ஒலியைக் கூட்டி வைத்து, ஒரு தடவை கேளுங்கள்.