பாத்திரம் கழுவும் இயந்திரமும் நீரைப் பற்றிய அறிவும்

இயந்திரம் ஒன்றை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவதோ அதன் ஆயுள் முழுவதும் தொடரும் வேலை. முதலாவதற்குக் காட்டப்படும் ஆர்வத்தில் நாலில் ஒரு பங்கேனும் இரண்டாவதற்குக் காட்டப்படுவதில்லை என்பதற்கு, பேச்சு வழக்கில் ‘டிஷ்வாஷர்’ எனப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரம் தக்க சான்றாகும்.

இச்சாதனம் புதியதன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோஸஃபின் காக்ரேன் அம்மையார் 1886-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் இடம்பெற்றன. தேய்ப்பதற்குப் பதிலாக நீரை விசையுடன் பீய்ச்சுவதே அவர் கையாண்ட தத்துவம். இன்றளவும் அதுவே நிலவுகிறது. இந்திய நகரங்களில் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வீட்டு வேலைக்கு வருவோர் வர இயலாதிருந்த நிலையில், பல குடும்பங்கள் இதனை வாங்கின. அதன்பின் எழுந்த குறைகளும் பல: கண்ணாடிக் குவளைகளில் வெண்படலம், தட்டுகளில் ஒட்டிய பருக்கை, அடியில் வடியாது தேங்கிய நீர். ‘இந்தியச் சமையலுக்கு இவ்வியந்திரம் ஒவ்வாது’ என்று சிலர் தீர்ப்பும் கூறிவிட்டனர்.

இத்தீர்ப்பு அவசரமானது. புளியும் எண்ணெயும் மஞ்சளும் இயந்திரத்திற்குச் சற்றுக் கூடுதலான வேலை தருவது உண்மையே. எனினும், முறையிடப்படும் குறைகளில் பலவற்றின் வேர் சமையலில் இல்லை. குழாயில் வரும் நீரிலும், மாதக்கணக்கில் கழற்றப்படாத சல்லடையிலும் உள்ளது.

கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் கரைந்துள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை இடமளிக்கிறது. குடிப்பதற்கு ஏற்கப்படும் இந்நீரே, சூடாக்கப்படும்போது சுண்ணப் படிவை உண்டாக்குகிறது. கரைந்திருந்த பைகார்பனேட்டு வெப்பத்தால் சிதைந்து, கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்க் கொதிகலனின் அடியில் காணப்படும் வெள்ளை ஓடும் இதுவே. இயந்திரத்தினுள் இது சூடேற்றியின்மீதும், பீச்சுக் கரங்களின் துளைகளிலும், பாத்திரங்களின்மீதும் படிகிறது.

இதைத் தடுக்கவே பெரும்பாலான இயந்திரங்களில் பிசின் மணிகள் நிறைந்த மென்மையாக்கும் அறை அமைக்கப்பட்டுள்ளது. இம்மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளிவிடுகின்றன. நாளடைவில் அவற்றின் சோடியம் தீர்ந்துவிடும். அப்போது செறிந்த உப்பு நீர் அவற்றின் வழியே பாய்ந்து அவற்றை மீண்டும் பயனுடையனவாக்குகிறது. எனவே இயந்திரத்தில் இடப்படும் உப்பு பாத்திரத்தைக் கழுவுவதற்கன்று, பிசினைப் புதுப்பிப்பதற்கே. இந்த ஒரு செய்தி தெரியாமையால், உப்பு வீண் செலவென எண்ணி விட்டுவிடுவோரும், கைக்குக் கிடைத்த உப்பைக் கொட்டுவோரும் உளர். சமையல் தூள் உப்பில் அயோடினும் கட்டிபடாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும் உள்ளன. கல்லுப்பிலோ, பிசின் எவற்றை நீக்க முயல்கிறதோ அந்தக் கால்சியமும் மக்னீசியமுமே கலந்துள்ளன. இதற்கெனச் செய்யப்படும் தூய பரல் உப்பே ஏற்றது. உப்பு நிரப்பியவுடன் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிவிடுதல் வேண்டும். சிந்திய உப்பு நீர் எஃகையும் அரிக்கும்.

உப்பிட்டால் மட்டும் போதாது. நீரின் கடினத்தன்மைக்கேற்ப இயந்திரத்தின் அளவுக் குறியையும் திருத்தி வைத்தல் வேண்டும். பல கையேடுகள் இதனை ஜெர்மானியப் பாகையில் குறிக்கின்றன. ஒரு பாகை என்பது லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம். ஆகவே 350 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் ஏறக்குறைய 20 பாகையாகும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் சிக்கனம் கருதி இதற்குப் பயன்படுத்துதல் தவறு. அதில் உப்புக்கள் முன்னிலும் செறிந்துள்ளன.

அளவு மிஞ்சினாலும் தீங்குண்டு. குவளையில் வெண்மை தோன்றினால் உடனே உப்பைக் கூட்டுதல் அறிவுடைமை ஆகாது. அதன்மீது ஒரு துளி வினிகரை இட்டுச் சற்று நேரம் பொறுத்துத் துடைத்துப் பார்த்தல் வேண்டும். வெண்மை நீங்கினால் அது சுண்ணப் படிவு. உப்பும் அளவுக் குறியும் கவனிக்கத்தக்கன. நீங்காவிடில் கண்ணாடியே அரிக்கப்பட்டுள்ளது. மிக மென்மையான நீரும், மிகுந்த வெப்பமும், அளவு கடந்த கழுவு தூளும் அதற்குக் காரணங்களாம். தோற்றம் ஒன்றாயினும் பரிகாரங்கள் நேர் எதிரானவை. சோதனையின்றிச் சிகிச்சை செய்தல் மருத்துவத்தில் மட்டுமன்று, இயந்திரத்திலும் ஆபத்தே.

மற்றக் குறைகளையும் வரிசை முறையில் ஆராய்தல் வேண்டும். நீர் உட்புகவில்லையெனில் முதலில் குழாயையும், பின்னர் நுழைகுழலின் முனையிலுள்ள சிறு வலையையும், அதன்பின் நீரின் அழுத்தத்தையும் பார்த்தல் வேண்டும். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் தேவை. தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 3 முதல் 5 மீட்டர் உயர்ந்திருந்தாலன்றி இது கிட்டாது. நீர் வடியவில்லையெனில் சல்லடையில் சிக்கிய கறிவேப்பிலை, பருக்கை, வடிகுழலின் மடிப்பு ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். அழுக்கு நீங்கவில்லையெனில் பீச்சுக் கரத்தைக் கையால் சுழற்றி, கரண்டிக் காம்பு ஏதும் அதைத் தடுக்கிறதா எனவும், அதன் துளைகளில் கடுகு அடைத்துள்ளதா எனவும் காணுதல் வேண்டும். நுரை பொங்கி வழிந்தால், கையால் கழுவுவதற்கான சோப்புத் திரவம் தவறி இடப்பட்டிருக்கலாம். பிளாஸ்டிக் கிண்ணங்கள் ஈரமாகவே இருப்பது பழுதன்று. அவை வெப்பத்தைத் தேக்கிவைப்பதில்லை.

இவற்றுள் எதற்கும் மெக்கானிக் தேவையில்லை. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, வாரம் ஒருமுறை சல்லடையைக் கழுவுவதும், அவ்வப்போது துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்வதும் எவர்க்கும் எளிது. மின்கசிவு, அடித்தட்டில் நீர்க்கசிவு, சூடேற்றியின் பழுது ஆகியன தேர்ந்தவர் கையில் விடத்தக்கன. இந்த எல்லையை அறிவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. ஈயம் பூசிய பித்தளை, அலுமினியம், வார்ப்பிரும்பு, மரம் ஆகியவற்றை இயந்திரத்தில் இடாதிருத்தலும் அவ்வாறே. காரமான கழுவு தூளில் அலுமினியம் கறுக்கும்.

வசதியுடையோர் வீட்டுச் சாதனத்தைப் பற்றி ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வினவப்படலாம். விடை எளிது. இயந்திரம் சில வீடுகளில்தான் உள்ளது. கடின நீரோ எண்ணற்ற வீடுகளில் உள்ளது. சோப்பு நுரையாமையும், துணி மங்குதலும், கொதிகலனில் ஓடு படிதலும் இதே ரசாயனத்தின் விளைவுகளே. ஒரு புட்டியில் கிணற்று நீரையும் மற்றொன்றில் மழை நீரையும் எடுத்து, சாதாரண சோப்புச் சீவலைச் சமமாக இட்டுக் குலுக்கிக் காட்டினால், ஒரு பாடவேளையில் மாணவர் இதனை உணர்ந்துகொள்வர். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், களச் சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரை ஆராயக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. அவர்கள் காணும் கடினத்தன்மை எண் பதிவேட்டோடு நின்றுவிடலாகாது. அவ்வெண் வீட்டில் எப்பொருளைப் பாதிக்கும், அதற்கு என்ன செய்யலாம் என்று விளக்கும் பொறுப்பு களப் பணியாளரைச் சார்ந்ததாகும்.

குடும்பத்தின் பல மாதச் சேமிப்பில் வாங்கிய சாதனம் ஈராண்டில் மூலையில் ஒதுக்கப்படுவதும், அடுக்களை வேலை முழுவதும் மீண்டும் ஒருத்தியின் கைகளுக்கே திரும்புவதும் சிறிய நஷ்டமன்று. இயந்திரத்தை விற்பவர் அதன் விசைகளைச் சொல்லித் தருவார். நீரின் இயல்பைச் சொல்லித் தருவது பள்ளியின் கடமை.