ஃபிளெக்ஸும் நீல ட்ரம்மும் மீன்தொட்டி ஆகுமா?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் கொல்லைப்புறத்தில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவருக்குக் கிடைக்கிற யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: குழி வெட்டு, பழைய ஃபிளெக்ஸை விரி, தண்ணீரை விடு. இடமில்லையா, காயலான் கடையில் ஒரு நீல ட்ரம் வாங்கிக் கழுவிக்கொள். ஃபில்டர் வீண் செலவு. இதில் ஒரு வரியைக்கூட என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

முதலில் ஃபிளெக்ஸ். அச்சுத்தொழில் ஊரில் அது சும்மாவே கிடைக்கும். ஆனால் அது பாலியெஸ்டர் வலைமேல் பிவிசி பூசிய துணி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மடங்க வைக்கத் தாலேட் போன்ற எண்ணெய்ப் பொருட்களைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடுவதில்லை. வெயில் ஏற ஏறக் கசியும், மீனின் கொழுப்பில் போய்ச் சேரும். பிவிசியில் ஈயமும் இருக்கலாம். குழாய்களில் அதைச் சேர்ப்பதை நிறுத்த மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. விளம்பரத் துணி அந்த விதிக்குள் வராது.

'பயோஃபிளாக் தொட்டியும் பிவிசிதானே?' என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் அது மீன் வளர்ப்புக்கென்றே தயாரிக்கிற 550, 650 ஜிஎஸ்எம் தார்ப்பாய். ஒரே பெயர், வேறு கலவை. குழிக்கு ஹெச்டிபிஇ ஷீட்டே நல்லது. அதை மடங்க வைக்க எந்த எண்ணெயும் வேண்டாம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற ஐஎஸ் 15351 முத்திரை உள்ள ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் கரிசல் கோடையில் வெடிக்கும் மண் என்பதால், அடியில் மணல் பரப்பிவிட்டு விரிக்க வேண்டும்.

கழுவினால் ட்ரம் சுத்தமாகிவிடும் என்பதில் பாதி உண்மை உண்டு. பட்டாசு ஆலையிலிருந்து வந்த ட்ரம் என்றால், பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்புகள் தண்ணீரில் கரைந்து போய்விடும். அச்சு மைக்கான கரைப்பான்கள் அப்படிப் போகாது. ட்ரம்மின் சுவருக்குள்ளேயே ஊறியிருந்து பிறகு மெல்ல வெளிவரும். பச்சை ஒளிக்குப் பட்டாசில் சேர்த்துவந்த பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. ஆனால் பழைய ட்ரம்மில் முன்பு இருந்தது அதுவா, வேறெதுவுமா என்று கடைக்காரருக்கே தெரியாது. கழுவிய தண்ணீரும் நம் கொல்லை மண்ணுக்குத்தான் போகிறது. சமையல் எண்ணெயோ பழச்சாறோ வந்த ட்ரம் என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

ஷீட்டும் ட்ரம்மும் வேண்டாம் என்று சிமென்ட் தொட்டி கட்டுகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பி இறைத்து, சுண்ணாம்புக் காரம் இறங்கிய பிறகே மீன் விட வேண்டும்.

'மூன்று மாதமாக மீன் சாகவில்லையே' என்பது அடுத்த வாதம். விட்டது என்ன மீன்? ஜிலேபி எதையும் தாங்கும். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும். அவை உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்ல முடியாது. அந்த மீனைச் சாப்பிடப் போவது வீட்டுக் குழந்தைகள்.

ஃபில்டர் வேண்டாம் என்பவர்கள் கண்மாயைக் காட்டுகிறார்கள். கண்மாயில் யார் ஃபில்டர் வைத்தார்கள்? யாரும் வைக்கவில்லை, ஏக்கர் கணக்கில் சேறு, அதில் நுண்ணுயிர்கள், கரையோரக் கோரை எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. மீனும் நெருக்கமாக இல்லை. நாம் ஷீட்டை விரித்த நிமிடமே தண்ணீரை மண்ணிடமிருந்து பிரித்துவிட்டோம். மண் செய்ததை இனி வேறொன்று செய்தாக வேண்டும். அதனால்தான் ஷீட்டையும் ஃபில்டரையும் தனித்தனிச் செலவாகப் பார்ப்பது பிழை என்கிறேன்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது; மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான். அதற்கு நிறமில்லை, கண்ணாடி போன்ற தண்ணீரிலும் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் அதில் நூறில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பிஎச் 8இல் ஏழு பங்குக்கு மேல், 9இல் ஏறத்தாழ 45 பங்கு. பாசி பிடித்த தொட்டியில் நல்ல வெயில் நாளின் மாலையில் பிஎச் 9ஐத் தொடுவது அபூர்வமல்ல. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்களுக்கு ஒட்டிக்கொள்ளச் சொரசொரப்பான இடமும் ஆக்ஸிஜனும் போதும். ஃபில்டருக்கு வேண்டியது ஒரு நல்ல ட்ரம், சரளைக்கல், நைலான் வலைத் துண்டுகள், ஸ்பாஞ்ச், சிறு மோட்டார். தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அதன் வழியே போய்வந்தால் சரி. பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாக இருக்கட்டும்.

'தினமும் தண்ணீர் மாற்றினால் போதாதா?' குடிநீருக்கே வரிசையில் நிற்கிற மாவட்டம் இது. குழாய்த் தண்ணீரில் குளோரினும் இருக்கும். செவுளை அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். ஸ்பாஞ்சைக்கூடக் குழாயடியில் அலசாமல், தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் அலசுங்கள். மின்சாரம் மணிக்கணக்கில் நின்றால் ஃபில்டருக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா மடியும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்றை வாங்கி வையுங்கள். மின்வெட்டு நாளில் தீனி போட வேண்டாம்.