வள்ளியம்மாவின் பேரன்

ராப் பாடகர் அறிவு, 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து தந்த ‘தெருக்குரல்’ ஆல்பம் ஊரைப் பார்த்துக் கேள்வி கேட்டது. 2024இல் வந்த ‘வள்ளியம்மா பேராண்டி’யில் அவர் தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய பாட்டியின் பெயரையே ஆல்பத்துக்கு வைத்திருக்கிறார். கோபம் தணிந்துவிட்டது என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அந்தக் கோபத்தின் வேர் எங்கே என்று இப்போதுதான் காட்டுகிறார். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு கேட்பதால் எனக்கு இது கூடுதலாகவே உறைக்கிறது. விடியுமுன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் பெண்கள். தோட்டத்துக்கும் பாட்டுக்கும் இங்கே பழைய உறவு. இளையராஜாவின் அண்ணன், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே கம்யூனிஸ்ட் மேடையில் பாடியவர். ஆனால் ஏலத்தோட்டத்துப் பெண்ணின் கதையை அவள் பேரனே எழுதி ராப்பாகப் பாடி நான் இன்னும் கேட்கவில்லை. சின்னமனூரிலோ போடியிலோ செல்பேசியில் ராப் பதிவுசெய்யும் தம்பிகள், மும்பைத் தெருவையும் அமெரிக்கத் தெருவையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த மலையில், என்ன கூலிக்கு, யாரோடு வேலை செய்தாய் என்று முதலில் தங்கள் அப்பத்தாவிடம் கேட்கட்டும்.