சுவரா? விறகா?

திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்று பாருங்கள், தோழர்களே! ஒருபுறம் ஓயாத அலை. மறுபுறம் செம்மணல் தேரியிலே நிமிர்ந்து நிற்கும் பனை. அந்தப் பனையின் ஓலையைக் கூரையாக்கி, அதையே சுவருமாக்கித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இக்கரையின் உழைப்பாளிகள். கடற்காற்று சுழன்றடிக்கும் ஊரில் ஓலைச் சுவர் எனில், பொறி ஒன்று போதும். வரிசை முழுதும் சாம்பல்!

"ஏழையின் கவனக்குறைவு" என்பர் மாளிகைவாசிகள். அடுப்பு அவர்கள் வீட்டிலும் எரிகிறதே! அங்கே அணைகிற தீ, இங்கே ஊரை அழிப்பானேன்? குற்றம் அடுப்பிலா, சுவரிலா?

ஏட்டைப் புரட்டுங்கள். 2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி: கீற்றுக் கொட்டகையில் தீ, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினர். 2004 ஜனவரி 23, திருவரங்கம்: திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்தது, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம்: பள்ளிச் சமையற்கூடத்துத் தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது, 94 குழந்தைகள்! அதன் பிறகே பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற உத்தரவு பறந்தது. பிணங்களை எண்ணிய பிறகுதான் சட்டத்துக்குக் கண் திறக்குமா?

"ஓலை பழங்கதை, இனி அடுக்குமாடியே" என்று கூறுவோர் உளர். அவர்களுக்குச் சொல்வோம்: ஓலையின் குணம், உலோக வேடம் பூண்டு மாடியேறிவிட்டது! 'ஏ.சி.பி.' எனக் கடைத்தெரு அழைக்கும் அலுமினியத் தகட்டைக் காணீர். இருபுறமும் மெல்லிய அலுமினியம். மலிவான வகையில் நடுவே இருப்பதோ பாலிஎதிலீன் பிளாஸ்டிக். சுவருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள சந்து, தீப்பற்றினால் புகைபோக்கியாகிறது. தழல் மாடிமாடியாகத் தாவுகிறது.

இலண்டன் மாநகரில், 2017 ஜூன் 14 அன்று, கிரென்பெல் என்னும் 24 மாடிக் கட்டடத்தில் இதுவே நடந்தது. நான்காம் மாடியில் ஒரு குளிர்பதனப் பெட்டியில் மூண்ட தீ, வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் உச்சியை எட்டிற்று. 72 உயிர்கள் பறிபோயின. முதலில் எண்ணியது துத்தநாகத் தகடு. செலவைச் சுருக்கப் பொருத்தியது பாலிஎதிலீன் தகடு. மிச்சமானது பணம், மாண்டது மக்கள்! அங்கே குடியிருந்தவர்களும் பெரும்பாலும் எளியவர்களே.

அப்படியானால் மரமே ஆகாதா? யார் சொன்னது? தூத்துக்குடியில் தோணி கட்டும் ஆசாரியைக் கேளுங்கள்: சிராய் நொடியில் எரியும்; பருத்த கட்டை மெல்லக் கருகும். மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் கவசம். மெல்லிய பலகையை உயர்ந்த சுவரின் வெளிப்புறம் அறைந்து, பின்னால் சந்து விட்டு, மாடிக்கு மாடி தீத்தடுப்பும் வைக்காமல் விடுவதே கேடு. மரத்தின்மீது பழி போடாதீர். மலிவு தேடிய மனத்தை விசாரியுங்கள்!

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளும் உண்டு. ஏட்டிலே உறங்கும் விதி எந்தத் தீயை அணைக்கும்? குடிசையில்லாத் தமிழகம் காண, 2030க்குள் எட்டு இலட்சம் வீடுகள் கட்டுவதாக 2024இல் அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த எட்டு இலட்சம், வாக்குறுதி மட்டுமா? இத்தனை குடும்பங்கள் இன்னும் குடிசையில் என்ற ஒப்புதல் வாக்குமூலமும் அன்றோ!

ஆகவே கேட்கிறோம்: கடலை நம்பி வாழ்பவனைக் கரையிலிருந்து விரட்டாமல், அவன் இருக்கும் இடத்திலேயே எரியாத சுவர் எழுப்பித் தருக! உயர்ந்த கட்டடங்களின் வெளித்தகட்டை வெட்டிப் பார்த்துச் சோதித்த பின்னரே குடியேற அனுமதி தருக! சோதனை முடிவை வாயிலிலே எழுதி வைக்கச் செய்க!

தோழர்களே, உங்கள் ஊர்த் தெருவிலே இன்றே நடந்து பாருங்கள். எது சுவர், எது விறகு என்று தட்டிக் கேளுங்கள். தீ வந்து கேட்குமுன் நாம் கேட்போம்!