காற்றின் இரைச்சலும் காற்றாலையின் ஒலியும்

காற்றாலைக்கு அருகில் வாழ்வோர் இரவில் உறக்கம் கெடுவதாக முறையிடும்போது, முடிவு பெரும்பாலும் ஒற்றை எண்ணில் வந்து நிற்கிறது. ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் (ஏ) என வரம்பு வகுத்துள்ளன. அந்த எண்ணை அளந்த ஒலிவாங்கியின் மீது அன்று எவ்வளவு காற்று மோதியது என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும்.

ஒலிவாங்கி உணர்வது அழுத்த மாறுபாட்டை மட்டுமே. அது தொலைவிலிருந்து வந்த ஒலியா, தன்மீதே மோதிய காற்றின் கொந்தளிப்பா என்று அதனால் பிரித்தறிய இயலாது. 45 டெசிபெல் ஒலியின் அழுத்தம் சுமார் 0.0036 பாஸ்கல். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் இயங்கழுத்தமோ ஏறத்தாழ 15 பாஸ்கல். இதன் ஏற்ற இறக்கத்தில் மிகச் சிறு பங்கே அளவீட்டை மூழ்கடித்துவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் இவ்விரைச்சல் ஏறத்தாழ 12 டெசிபெல் உயரும்.

நுரைப்பஞ்சு உறை இன்றியமையாதது. எனினும் உறையைவிடப் பெரிய சுழல்கள் எழுப்பும் தாழ் அதிர்வெண் இரைச்சலை அது அதிகம் தடுப்பதில்லை. காற்றடங்கிய நாளில் அளக்கலாம் என்ற அறிவுரை சாலை ஒலிக்குப் பொருந்தும். காற்று வீசினால்தான் சுழலும் காற்றாலைக்குப் பொருந்தாது. பின்னர் மென்பொருளால் வடிகட்டலாம் என்பதும் முழுத் தீர்வன்று. அதே அதிர்வெண்களில் காற்றாலையின் ஒலியும் இருப்பதால் இரைச்சலோடு சான்றும் அழியும். ஏ-எடையிடல் 31.5 ஹெர்ட்சில் சுமார் 39 டெசிபெல் குறைத்துவிடுவதால், அந்த ஒற்றை எண்ணிலும் தாழொலி பற்றிய முறையீடு தடமின்றி மறையும்.

வழி இல்லாமல் இல்லை. காற்றாலையின் ஒலித்திறனை அளக்கும் ஐஇசி 61400-11 தரம், ஒலிவாங்கியைத் தரையில் வைத்த கடினப் பலகைமீது கிடத்தி உறையிடச் சொல்கிறது. தரையருகே காற்றின் வேகம் குறைவு. பலகையின் எதிரொளிப்பால் கூடும் 6 டெசிபெல்லைக் கணக்கில் கழித்துவிடலாம். குடியிருப்பில் அளக்கும்போது, உறைக்கு மேல் பெரிய இரண்டாம் உறை இடலாம். ஒரே காற்று வேகத்தில் காற்றாலையை ஓட்டியும் நிறுத்தியும் ஒப்பிடலாம். இரண்டுக்கும் வேறுபாடு 3 டெசிபெல்லுக்குக் குறைந்தால், கழித்துப் பெறும் எண்ணை நம்பலாகாது.

ஆகவே ஒவ்வோர் அளவீட்டு அறிக்கையும் ஒலிவாங்கியின் உயரத்தில் வீசிய காற்றின் வேகம், உறையின் வகை, எடையிடாத நிறமாலை ஆகியவற்றை வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். இவை இல்லாத அறிக்கையைக் கொண்டு, காற்றின் பிழையைக் காற்றாலைமீதும் சுமத்தலாம். காற்றாலையின் ஒலியை 'வெறும் காற்று' என்று தள்ளியும் விடலாம். இரண்டுமே அநீதி.