மின்வணிகம் படியுங்கோ, தோழர்களே

போன கூட்டத்தில் "மின்வணிக அடிப்படைகள்" என்ற இணையவழிக் கல்லூரிப் பாடநெறி பற்றிக் கதை வந்தபோது மேசையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு. "அது முதலாளி ஆகிறதுக்கான படிப்பெல்லோ, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். அந்தப் பாடநெறியை முழுதாகப் படித்து முடித்த ஆள் என்ற முறையில் என்ர பதில் இது: ஓம், அது முதலாளி படிக்கிற புத்தகம்தான். அதனாலதான் எங்கட ஆக்களும் அதைப் படிக்கவேணும் எண்டு சொல்லுறன்.

முதலில் அந்தச் சிரிப்பை நிப்பாட்டுவம். ஒக்லாந்தில் இந்தப் படிப்பை எடுக்கிற தமிழ் ஆக்கள் யார்? களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்து விடிய ரெண்டு மணிக்குக் காணொளி பார்க்கிறவர். வீட்டில் மிளகாய்த்தூளும் பலகாரமும் செய்து வாட்ஸப்பில் விற்கிற அக்கா. ஊபர் ஓடுகிற அண்ணா. முதுகு நோகாத ஒரு வேலை வேணும் என்பதுதான் இவர்களுடைய கனவு. அதைப் பார்த்துச் சிரிக்கிற இடதுசாரிக்கு அந்தக் களஞ்சியத்தில் ஒருத்தரும் காது குடுக்க மாட்டார்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கு? தொடக்கத்தில் வரலாறு. 1995இல் அமேசன் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது, அதே வருடம் இபே. உள்ளூர் வீரகதைக்கு ட்ரேட் மி: சாம் மோர்கன் 1999இல் தொடங்கி, 2006இல் ஃபெயார்ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு 700 மில்லியன் டொலருக்கு விற்றார். நீங்களும் செய்யலாம் எண்டது சொல்லாமல் சொல்லுற சேதி. பாடத்தில் வராத இன்னொரு கதையும் இதே ஊரில் நடந்தது. வெயார்ஹவுஸ் குழுமம், நாடு முழுக்கக் கடையும் கையில் காசும் உள்ள கொம்பனி, 2019இல் 'தி மார்க்கெட்' என்று ஒரு இணையச் சந்தையைத் தொடங்கி 2024இல் மூடியது. அவர்களாலேயே தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில், மவுண்ட் ரொஸ்கில் குசினியில் இருந்து பலகாரம் விற்கிற அக்காவுக்கு 'சந்தையை விரிவாக்குங்கள்' எண்டு சொல்லிக் குடுக்கினம்.

மாணவர் விசாவில் இருக்கிற பெடியளுக்கு இது இன்னும் பெரிய பகிடி. வாரத்துக்கு 20 மணித்தியாலமாக இருந்த வேலை உரிமை 2025 நவம்பரில் 25 ஆகியது. ஆனால் அந்த விசாவில் சுயதொழில் செய்ய முடியாது, வேலை ஒப்பந்தத்தோடு சம்பள ஆளாகத்தான் இருக்கலாம். 'உங்கள் முதல் கடையைத் திறவுங்கள்' என்ற பயிற்சியை அவர்கள் செய்துவிட்டு, அந்தக் கடையைத் திறக்காமல் இருக்கவேணும்.

பிறகு வருகிறது சுவையான பகுதி. வாங்க வந்தவர் கார்ட்டில் போட்டுவிட்டு ஏன் போகிறார்? அவரைத் திரும்ப எப்படி இழுப்பது? நட்சத்திர மதிப்பீடு எப்படி நம்பிக்கையை உண்டாக்குகிறது? எந்த நேரத்தில் எவ்வளவு சலுகை குடுத்தால் ஆள் இன்னும் ஒரு தடவை அழுத்துவார்? எந்த வாடிக்கையாளரைத் தக்கவைப்பது, எவரை விட்டுவிடுவது? இதெல்லாம் நல்லாகத்தான் சொல்லித் தருகிறார்கள். அதற்கு அடுத்த அலகில் 'கடைசி மைல்': களஞ்சியத்தில் இருந்து வீட்டு வாசல் வரை பொதி போகிற தூரம், சங்கிலியிலேயே செலவு கூடிய துண்டு, அந்தச் செலவைக் குறைக்கும் வழிகள். அந்த மைலை ஓடுகிற மனிசர் எந்த அலகிலும் இல்லை. நான் படித்ததில் 'தொழிலாளர்' என்ற சொல்லையே காணவில்லை.

அந்த மனிசர் எங்கே இருக்கிறார் எண்டால், நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறார். 2020 மேயில் வந்த தீர்ப்பு ஒன்று: மீக்கா லியோட்டா, ஒக்லாந்தில் பார்சல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்குப் பொதி ஓடியவர், சமோவாவில் இருந்து வந்தவர், ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. வான் அவர் காசில், வானின் நிறமும் அவர் போட்ட சீருடையும் கொம்பனியுடையது. தாளில் அவர் 'சுயாதீன ஒப்பந்தகாரர்'. வேலைவாய்ப்பு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கிறிஸ்டினா இங்லிஸ், அவர் தொழிலாளிதான் என்று தீர்த்தார். அதற்கு வழி விட்டது 2000ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. தாளில் என்ன பெயர் என்பதை விட, உறவின் உண்மைத் தன்மை என்ன என்று பார்க்கச் சொல்கிற பிரிவு அது.

அதே வருடம் டிசம்பரில் வந்த இன்னொரு வழக்கைப் பற்றி எங்கட சனம் அதிகம் கதைக்கிறதில்லை. ஊபருக்கு எதிராகப் போனவரின் பெயர் ஆராச்சிகே, பெயரே இலங்கைப் பெயர். செயலிக்குள் போகிற வழி அடைபட்ட பிறகு வழக்குப் போட்டார், தோற்றார். விரும்பிய நேரம் ஓடலாம், விரும்பாட்டி நிப்பாட்டலாம், ஆகவே தொழிலாளி இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு. அவர் தனி ஆளாகப் போனார். 2022 அக்டோபரில் நாலு ஓட்டுநர்களுக்காக ஈ டூ, ஃபர்ஸ்ட் என்ற ரெண்டு தொழிற்சங்கங்கள் போனபோது அதே நீதிமன்றம் மறுபக்கம் தீர்த்தது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தின.

2022 தீர்ப்பை வாசிக்கும்போதுதான் எனக்கு இந்தப் பாடநெறியின் அருமை தெரிந்தது. ஊபர் ஓட்டுநர்களை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று நீதிபதி விளக்குகிற இடத்தைப் பாருங்கோ: கட்டணத்தை அதுவே நிர்ணயிக்கிறது, நட்சத்திர மதிப்பீடு, ஊக்கச் சலுகை, கணக்கை முடக்குகிற அதிகாரம். எல்லாம் எங்கட வாடிக்கையாளர் அலகில் படித்த அதே கருவிகள்! வாங்குகிறவரை இன்னொரு தடவை அழுத்த வைக்கிற உத்தி, ஓடுகிறவரை இன்னொரு ஓட்டம் எடுக்க வைக்கிற உத்தியும் ஆகிறது. 'மேலாளர் எண்டு ஒருத்தரும் இல்லை, செயலிதான்' என்று ஓட்டுநர் ஒருவர் சொன்னால், இந்தப் பாடத்தைப் படித்தவர் திருப்பிக் கேட்கலாம்: சலுகை எந்த நேரத்தில வந்தது, யாருக்கு வந்தது, மதிப்பெண் எவ்வளவுக்குக் கீழே போனபோது வேலை குறைந்தது? இப்படிக் கேட்டு எழுதி வைத்தால் அது சாட்சியம். கேட்கத் தெரியாட்டி அது வெறும் புலம்பலாகவே போய்விடும்.

'இடையாள்' பற்றியும் ஒரு அலகு உண்டு. இணையம் இடையாட்களை ஒழித்துவிடும் என்று தொண்ணூறுகளில் நம்பினார்கள், பிறகு புது இடையாட்கள் வந்துவிட்டார்கள் என்று பாடமே ஒத்துக்கொள்கிறது. மலையக வரலாறு தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒரு பழைய சொல் வாயில் வரும்: கங்காணி. ஆள் சேர்த்துக் கொண்டு வந்தவர், முற்பணம் என்ற பெயரில் கடனில் கட்டி வைத்தவர், வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டத்திடம் தலைக்காசு வாங்கியவர். கடன் கணக்கை எழுதிய துண்டோடு ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் செயலிதான் கங்காணி எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறது சோம்பேறித்தனம். கங்காணிக்கு முகம் இருந்தது, ஊர் இருந்தது, பல வேளை சாதியும் உறவும் இருந்தது, அதால ஆட்களைக் கட்டி வைத்தார். செயலிக்கு அதெல்லாம் தேவையில்லை, ஆட்களைப் பற்றிய தரவு போதும். அந்தத் தரவு எப்படிச் சேர்கிறது, எங்கே கிடக்கிறது, அதைக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை என்பதும் பாடத்தில்தான் இருக்கு. 2020ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றி வைத்திருக்கிற தகவலை நீங்கள் கேட்டு வாங்கலாம். பாடம் இதைக் கடைக்காரருக்கான எச்சரிக்கையாகச் சொல்லுது. நாங்கள் அதைத் தொழிலாளிக்கான ஆயுதமாக வாசிக்கலாம்.

கையிருப்பு அலகும் அப்படித்தான். சரக்கைத் தேக்கி வைக்காதே, தேவைப்படும்போது தேவையான அளவு வரட்டும் என்று சொல்லித் தருகிறது. 2006இல் புரோகிரஸிவ் எண்டர்பிரைசஸ், கவுண்ட்டவுன் கடைகளை நடத்திய கொம்பனி, ஒக்லாந்து, பாமர்ஸ்டன் நோர்த், கிறைஸ்ட்சேர்ச் விநியோக மையங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கதவுக்கு வெளியே பூட்டி வைத்தது. மூன்று இடத்துக்கும் ஒரே கூட்டு ஒப்பந்தம் வேணும் எண்டதுதான் சண்டை. சுமார் ஒரு மாதம். தட்டுகள் காலியாகின. விநியோக மையத்தின் கதவு எவ்வளவு பெறுமதி என்று அன்றைக்கு நின்ற தொழிலாளர்களுக்கு அனுபவத்தில் தெரிந்தது, இன்றைக்கு அது பாடத்தில் படத்தோடு இருக்கு.

ஒரு சின்ன விலகல். அமேசனின் 'ஒரே சொடுக்கில் வாங்குதல்' காப்புரிமையைப் பாடம் புதுமைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது, 1999இல் பெற்றது. அதை மீளாய்வு செய்யச் சொல்லி 2006இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு மனுப் போட்டவர் பீட்டர் கால்வெலி, நியூசிலாந்து நடிகர். மனுக் கட்டணத்துக்கு இணையத்தில் வாசகர்களிடம் காசு சேர்த்தார். 2007இல் அலுவலகம் அந்தக் காப்புரிமையின் பல கோரல்களை நிராகரித்தது. அமேசன் கோரலைத் திருத்திச் சுருக்கி 2010இல் தப்பிக்கொண்டது எண்டாலும், கையில் கொஞ்சம் அறிவும் சேர்த்த காசும் இருந்தால் எவ்வளவு தொல்லை குடுக்கலாம் எண்டு பாருங்கோ.

இப்போ படிக்கிற முறை. இணையவழிப் படிப்பு எண்டாலே ஏமாத்து எண்டு நான் சொல்ல மாட்டன். ஓப்பன் பொலிடெக்னிக்கின் வேர் 1946இல் போரில் இருந்து திரும்பியவர்களுக்கு அஞ்சலில் தொழிற்கல்வி குடுத்த பள்ளியில் இருக்கு, அது பொதுக் கல்வியின் நல்ல மரபு. இன்றைக்கு நடக்கிறது வேறு. 2020இல் 16 கல்லூரிகளைச் சேர்த்து தே பூக்கெங்கா என்று ஒன்றாக்கினார்கள், அடுத்து வந்த அரசு அதைப் பிரித்தது. தனியே நிற்க வலுவில்லாதவற்றுக்கு ஓப்பன் பொலிடெக்னிக்கை நடுவில் வைத்து ஒரு கூட்டமைப்பு, அதாவது வகுப்பறைக்குப் பதில் திரை. கட்டணத்திலும் ஒரு திருப்பம்: 2018இல் வந்த இலவச முதல் வருடம் 2025இல் இலவசக் கடைசி வருடமாக மாறியது. முடித்தவருக்குத்தான் காசு திரும்பும். இரவு வேலையும் பிள்ளைகளும் உள்ளவர் தனியாகத் திரையோடு இருந்து நடுவில் விட்டால், கடன் மட்டும் மிஞ்சும்.

அதனால் தனியாக எடுக்காதேங்கோ எண்டுதான் நான் கேட்கிறன். எட்டுப் பேர் ஒரே தவணையில் சேருவம், கிழமைக்கு ஒருக்கா நேரில் இருந்து அந்தக் கிழமை அலகை வாசிப்பம். பலகாரம் விற்கிற அக்காவுக்கு நுகர்வோர் உத்தரவாதச் சட்டமும், எப்ப பொருட்கள் சேவைகள் வரிக்குப் பதிய வேணும் எண்டதும் விளங்கவேணும், அதில் எந்த அரசியல் கூச்சமும் வேண்டாம். ஒவ்வொரு அலகுக்கும் பக்கத்தில் பாடத்தில் இல்லாத பக்கத்தைத் தமிழில் எழுதுவம். கடைசி மைலுக்கு லியோட்டாவும் ஆராச்சிகேயும், வாடிக்கையாளர் அலகுக்கு 2022 தீர்ப்பு, கையிருப்புக்கு 2006. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் செயலித் தொழிலாளருக்கு அமைத்த நலவாரியத்தையும் சேர்ப்பம். பதிவும் நலத்திட்டமும் தந்து, 'தொழிலாளி' என்ற தகுதியை மட்டும் தராமல் விட்ட ஏற்பாடு அது, இங்கத்தைய வழியோடு ஒப்பிட்டுச் சண்டை பிடிக்க நல்ல பொருள்.

அவசரமும் இருக்கு. 2025 ஜூனில் அமைச்சர் புரூக் வான் வெல்டன் கொண்டு வந்த தொழிலுறவுத் திருத்த மசோதா நேரே 6ஆம் பிரிவில்தான் கை வைத்தது. 'ஒப்பந்தகாரர்' எண்டு எழுத்தில் இருந்து, இன்னும் சில நிபந்தனைகளும் பொருந்தினால், உண்மைத் தன்மையைப் பார்க்கிற கதவே திறக்காது. லியோட்டா நுழைந்த கதவு அது. இனிமேல் ஒருவர் கையெழுத்து வைக்க முதல் அந்தத் தாளை வாசிக்க ஆள் வேணும், அதுவும் அவருடைய மொழியில்.

ஞாயிறு பின்னேரம், சாண்ட்ரிங்ஹாம் பக்கம் ஒரு தோழரின் வீடு தயார். சேர விருப்பமானவர்கள் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ. என்ன விசா, என்ன வேலை நேரம், கட்டணத்துக்கு உதவி வேணுமா எண்டதையும் எழுதுங்கோ, அதைப் பார்த்துத்தான் எந்தத் தவணை எண்டு முடிவு எடுக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிவாறவர்கள் எத்தனை பேர் எண்டும் சொல்லுங்கோ, சமையலுக்குக் கணக்குப் பார்க்கவேணும்.